ஒயருக்குக் காய்ச்சல்

அக்கா இறந்துபோன செய்தி எங்கள் கம்பெனி வாட்ஸப் குழுவில் வந்தது. மேலே யாரோ போட்ட காலை வணக்கம் ரோஜாப்பூ, கீழே யாரோ விற்பதற்காகப் போட்ட பழைய பைக்கின் படம், நடுவில் அக்கா. நான் அப்போது கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். படித்தேன். கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொன்னேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பில்தான் வந்தது.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. டிவி தொடரில் வில்லியின் மாமியார் செத்ததற்கே மூக்கைச் சிந்தியவன். அக்காவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை என்று தெரியவில்லை. சரி, அவர் முகத்தையாவது நினைத்துப் பார்ப்போம் என்று கண்ணை மூடினேன். முகம் வரவில்லை. அவருடைய வலது கையின் புறங்கைதான் வந்தது. கறுத்து, நரம்பு புடைத்து, நடுவிரல் கணுவில் ஒரு பழைய மோதிரத் தடத்தோடு, எதையோ தொடப்போகிற மாதிரி முன்னால் நீண்டு நின்றது.

அந்தக் கை ஒயரைத் தொடுகிற கை.

எங்கள் வேலை கான்ட்ராக்ட் கிளீனிங். கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, புதிதாகக் கட்டிய வீடு, எது அழுக்கானாலும் வேன் ஏறிப் போவோம். தரை தேய்க்கிற மெஷின், தூசி உறிஞ்சுகிற வாக்கம், தண்ணீர் பீய்ச்சுகிற மெஷின், எல்லாம் சக்கரம் வைத்தவை. மெஷினை எங்கே வேண்டுமானாலும் உருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அது போகிற இடத்தில் பிளக் பாயின்ட் இருக்காது. மண்டபம் கட்டுகிறவர்களுக்கு மேடையும் அடுப்படியும்தான் கண்ணுக்குத் தெரியும். நடுவில் கிடக்கிற பெரிய தரைக்குக் கரண்டு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் உயிர் எக்ஸ்டென்சன் ஒயரில் இருந்தது. ஒரு பக்கம் பிளக், மறு பக்கம் சாக்கெட் பெட்டி, நடுவில் மைல்கணக்கில் ஒயர்.

நான் அங்கே சூப்பர்வைசர். அதாவது, எந்த மெஷினையும் ஓட்டத் தெரியாதவன், ஆனால் சட்டையை பேன்டுக்குள் விட்டவன். அதற்கு முன் செல்போன் கடை வைத்து, கடையை விட வேகமாக நான் காலியானேன். அக்கா மெஷின் ஓட்டுபவர். என்னை விட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். என்னை ‘சூப்பர்வைசர் தம்பி’ என்று கூப்பிடுவார். மற்றவர்கள் ‘சூப்பர்வைசர்’ என்று சொல்லும்போது இல்லாத ஒரு நக்கல் அவர் வாயில் அந்தத் ‘தம்பி’க்குள் இருக்கும்.

வேலைக்குப் போன இடத்தில் அக்கா முதலில் செய்வது ஒயரை முழுவதும் பிரித்து விடுவது. மெஷின் நாலு எட்டில் இருந்தாலும் சரி, ஒயர்ச் சக்கரத்தில் சுற்றியிருக்கிற மொத்தத்தையும் கடைசி முனை வரை உருவி, சுவரோரமாக வளைத்து வளைத்துப் போட்ட பிறகுதான் சுவிட்ச். சுருட்டி வைத்தபடியே மெஷினை ஓட்டினால் உள்சுற்றில் இருக்கிற ஒயருக்குக் காற்றுப்படாது, சூடு போக வழியில்லாமல் அங்கேயே வேகும் என்பார்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில், காலை முகூர்த்தம் முடிந்து சாயங்காலம் வரவேற்பு. இடைப்பட்ட நேரத்தில் நாங்கள். மண்டப மேனேஜர் வந்து பார்த்தார். தரை முழுக்க ஆரஞ்சு நிற ஒயர்.

“என்னம்மா இது, மண்டபம் பூரா பாம்பு விட்டுருக்க?”

“நெளிஞ்சு கெடக்குற பாம்பு ஒண்ணும் செய்யாது சார். சுருண்டு கெடந்தாத்தான் கொத்தும்” என்றார் அக்கா, நிமிராமலே.

“பாக்க நல்லாவா இருக்கு? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மாடியிலதான் இருக்காங்க. நீங்க சொல்லுங்க சார்” என்று என் பக்கம் திரும்பினார். சட்டை உள்ளே இருந்ததால் என்னை அவர் நம்பினார்.

நான் தொண்டையைச் செருமினேன். “அக்கா, கொஞ்சம் சுருட்டி வெச்சா...”

“சுருட்டிட்டு அதுமேல நீ உக்காந்துக்கிறியா தம்பி? இதமா இருக்கும்.”

நான் உடனே கட்சி மாறினேன். “சார், ஒயரு அப்பிடித்தான் சார் கெடக்கணும்” என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், சட்டை தானாகவே வெளியே வந்துவிட்டது.

ஒயர் மேல் கார்ப்பெட்டைப் போட விடமாட்டார். ஒரு பெட்டியின் வாலில் இன்னொரு பெட்டியைச் செருக விடமாட்டார். பெரிய பிளக்கை, சின்ன ஓட்டைக்குள் ஏதோ ஒரு கம்பித் துண்டு வைத்து நுழைக்க விடமாட்டார். ஒரு பெட்டிக்கு ஒரு மெஷின்தான். இவ்வளவையும் செய்துவிட்டு, அதற்கப்புறமும் நம்ப மாட்டார். ஓட ஆரம்பித்ததும் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மெஷினை நிறுத்திவிட்டு வருவார். பிளக், ஒயர், பெட்டி என்று வரிசையாகப் புறங்கையை வைத்துக்கொண்டே போவார். பிள்ளை நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற அதே கை, அதே சாய்ந்த தலை. கண் எங்கேயோ இருக்கும்.

“ஏன்க்கா புறங்கை?”

“உள்ளங்கையில கரண்டு அடிச்சா, கை மூடிக்கிரும், விடாது. புறங்கை அப்பிடியில்ல. உதறிட்டு ஓடியாந்துரும்.”

காய்ச்சலுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பச்சத்தண்ணி என்றால் ஓட்டலாம். ஆறின இட்லி என்றால் ஓட்டலாம், ஆனால் கண் வைத்திருக்கணும். டீ கிளாஸ் என்றால் சுவிட்சை அமுக்கு, ஒயர் ஆறட்டும். தோசைக்கல்லு வரைக்கும் எதையும் போக விட்டதில்லை.

ஒயர் ஆறுகிற நேரம்தான் எங்களுக்கு டீ நேரம். அதனால் மொத்த டீமும் ஒயருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும். என்னுடன் வேலை செய்த, எல்லோரும் மாப்ள என்று கூப்பிடுகிற ஒருவன், கண்ணால் எனக்கு ஜாடை காட்டுவான். நான் போய்க் கேட்பேன்.

“அக்கா, லேசா காய்ச்சல் மாதிரி இல்ல?”

“உனக்குத்தான் காய்ச்சல். போ, அங்கிட்டு ஓரமா நில்லு.”

ஒருநாள் மழை. டீ குடித்தே ஆகவேண்டும் என்கிற வானிலை. வாட்ச்மேனுக்கு வந்த சூடான டீ கிளாஸை வாங்கி, ஒயர் மேல் நன்றாக ஒட்டி வைத்திருந்துவிட்டு, பிறகு பதறினாற்போல் அக்காவைக் கூப்பிட்டேன். வந்தார். புறங்கையை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“இந்த எடத்துல மட்டும் காய்ச்சல். அதுலயும் ஏலக்கா வாசம்” என்றார். மாப்ள சிரித்து உருண்டான். அன்றைக்கு டீ இல்லை.

ஆனால் இதைச் சொல்லவேண்டும். அக்காவுக்கும் டீ என்றால் உயிர். இருந்தாலும் ஒருநாளும் இல்லாத காய்ச்சலை இருக்கிறது என்று சொன்னதில்லை. இருக்கிற காய்ச்சலை இல்லை என்றும் சொன்னதில்லை. முதலாளி அவசரத்தில் குதித்துக்கொண்டு நிற்பார். அக்கா கை வைத்துவிட்டு, “டீ கிளாஸ்” என்பார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை அமுக்குவார். அந்தக் கையை அவர் அப்படி நம்பினார். நாங்களும்தான். நாங்கள் யாருமே எந்த ஒயரையும் எங்கள் கையால் தொட்டதில்லை. எதற்குத் தொடணும்? அதுதான் அக்கா கை இருக்கிறதே.

அவருக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று டீமில் ஆளுக்கொரு கதை இருந்தது. புருசன் வைத்திருந்த கடை ஒயர் சூட்டில் எரிந்துபோனது என்பான் ஒருவன். இல்லை, தறிப்பட்டறையில் தீயைப் பார்த்தவர் என்பான் மாப்ள. நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் இல்லப்பா. ஒருநா ஒயரு காலுல பட்டுச்சு. சுட்டுச்சு. அன்னையிலருந்து தொட்டுப் பாக்குறேன். அம்புட்டுத்தான்.”

எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு தீ விபத்தாவது வைத்திருக்கலாம்.

தோல் கிழிந்த ஒயரில் ஒருமுறை நான் கறுப்பு டேப் சுற்றி, என் வாழ்க்கையிலேயே அழகாகச் செய்த வேலை அது, முதலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். டேப்பைப் பார்த்தார். இடுப்பில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, ஒயரை டேப் இருந்த இடத்திலேயே வெடுக்கென்று வெட்டினார்.

“ஏத்தா! நல்ல ஒயரு!” என்று முதலாளி கத்தினார்.

“நல்ல ஒயருதான் மொதலாளி. வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

அப்படி வெட்டிய ஒயர்கள் எல்லாம் சமயநல்லூரில் அவர் வீட்டு வாசலில் துணி காயப்போடுகிற கொடியாகத் தொங்கின. ஆரஞ்சு, கறுப்பு, சிவப்பு. ஒருதரம் வேன் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். பாவாடை, சீருடை, துண்டு, எல்லாம் ஒயரில் ஆடின. “ரிட்டயர் ஆனவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க” என்று சிரித்தார்.

எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. கவனித்திருக்கலாம். நாங்கள் எல்லாம் எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஊதி ஊதிக் குடிக்கையில், அக்கா வெறும் கையில் டம்ளரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். “அக்கா கை என்ன, சிலிண்டர் அடுப்பா?” என்று நான் ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் மிச்சமான ஜாங்கிரியை மட்டும் முந்தானைக்குள் மறைத்துத் தின்பார். ஒரு கடி எனக்கும் தருவார், வாயை அடைக்க.

பிறகு அந்த மத்தியானம். இன்னொரு மண்டபம். கார்ப்பெட்டை வாக்கம் போட்டு முடித்தாகவேண்டும். அக்கா ஆரம்பத்தில் தொட்டுப் பார்த்து, பச்சத்தண்ணி என்றார். அப்போது அது உண்மையிலேயே பச்சத்தண்ணிதான். நடுவில் மேடை அலங்காரம் செய்கிறவர்கள், எங்களிடம் கேட்காமலே, எங்கள் பெட்டியில் ஒரு பெரிய ஏர்கூலரைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

மாப்ள வாக்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அக்கா மேடை ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெட்டி மேல் எப்போதும்போல் புறங்கையை வைத்தபடி, அலங்காரத்தில் வைத்திருந்த பூ நிஜப் பூவா பிளாஸ்டிக்கா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வாசனை வந்தது. அடுப்படியில் பாயசம் அடிப்பிடிக்கிறது என்று நினைத்தேன். நமக்கு ஒரு டம்ளர் கிடைக்குமா என்றுகூட யோசித்தேன். என் மூக்கின் தரம் அவ்வளவுதான். அப்புறம்தான் பார்த்தேன். அக்காவின் கைக்கு அடியிலிருந்து நூல் மாதிரி புகை.

“அக்கா, கை!”

“என்ன கை?” என்று இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

ஓடிப்போய்ச் சுவரில் சுவிட்சை அமுக்கினேன். திரும்பி வந்தபோது அக்கா வலது கையை எடுத்துவிட்டிருந்தார். பெட்டியின் மூடி உருகி, ஒரு பக்கம் பள்ளமாகிக் கிடந்தது. கொஞ்சம் தோல் அதில் ஒட்டியிருந்தது. அவர் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பையைப் பார்க்கிற மாதிரி.

“கார்ப்பெட்டு தப்பிச்சுச்சா?” என்று கேட்டார்.

தப்பித்திருந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் ஊற்றினேன். “எரியுதாக்கா?”

“எரிஞ்சாத்தான் நல்லாருக்குமே.”

அன்றைக்குச் சொன்னார். சர்க்கரை. நரம்பில் ஏறிவிட்டதாம். முதலில் பாதம் மரத்தது, இப்போது கை. முள் குத்தினாலும் தெரியாது, ஈரத்தில் நிற்கக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“மொதலாளிட்ட சொல்லிராத தம்பி. இந்தக் கைய நம்பித்தான் மெஷினத் தந்துருக்காரு. மெஷின விட்டு எறக்குனா மாப்பும் வாளியும்தான். நாள்பூரா ஈரம். கல்யாண மண்டபத்துத் தரையில என்னென்ன கெடக்கும்னு உனக்கே தெரியும், உடைஞ்ச கிளாசு, ஊக்கு. என் காலுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல.”

வேலையை விட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. பையன் அப்போதுதான் ஐடிஐ சேர்ந்திருந்தான். வீட்டில் வந்த சம்பளம் அவருடையது ஒன்றுதான். காயத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

அப்படித்தான் நான் அக்காவின் கையானேன்.

முதல் நாளே சிக்கல் வந்தது. நான் ஒயரைத் தொட்டுவிட்டு, “ஆறின இட்லிக்கா” என்றேன். அவர் நம்பவில்லை. ஏலக்காய் வாசம் அவருக்கு மறக்கவில்லை. “நீ வாயத் தொறக்காத. வாயத் தொறந்தா நீ சும்மா இருக்க மாட்ட. பேசாமத் தொடு. நான் ஒன் மூஞ்சியப் பாத்துக்குறேன்” என்றார்.

என் மூஞ்சியை அதுவரை யாரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை. என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது அவர்கள்கூட பக்கத்தில் இருந்த என் தம்பியைத்தான் பார்த்தார்கள். அக்கா அந்த மூஞ்சியை மீட்டர் ஆக்கினார். நான் குனிந்து, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி புறங்கையை ஒயரில் வைப்பேன். அவர் எதிரே நின்று என் முகத்தைப் பார்ப்பார். கொஞ்ச நேரம். பிறகு சத்தமாகச் சொல்லுவார், “பச்சத்தண்ணி, ஓட்டு.” நான் வேண்டுமென்றே முகத்தை அஷ்டகோணலாக்கிப் பார்த்தேன். “அது நீ செய்யிறது. அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு, அதப் பாத்துட்டேன்” என்பார். சரியாகத்தான் இருக்கும். எனக்கே தெரியாமல் என் முகத்தில் ஏதோ வந்து போயிருக்கிறது, அதை இவர் ஒருவர் படிக்கிறார் என்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

“லேசு அவுந்துக்கிட்டே இருக்கு, நல்ல ஷூவா வாங்குய்யா” என்று முதலாளி இரக்கப்பட்டார். நான் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ. அவருக்கு அவசரத்தில் எதுவும் கண்ணில் படாது.

கொஞ்ச காலம் அப்படி ஓடியது. மழைக்காலம் போய் வெயில் வந்தது.

சமயநல்லூர் தாண்டி ஒரு புது வீடு. மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். பெயின்ட் சொட்டு, சிமென்ட் கறை, எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் எடுத்தாகவேண்டும். வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் குழந்தைகள் ஓடி விளையாடின. முதலாளி டவுனிலிருந்து புதிதாக ஒரு ஒயர் வாங்கி வந்திருந்தார். மஞ்சள் நிறம், பளபளவென்று, நூடுல்ஸ் மாதிரி மெல்லிசாக.

அக்கா கையில் வாங்கி நசுக்கிப் பார்த்தார். “இது பல்பு போடுற ஒயரு மொதலாளி. செல்போனு சார்ஜ் போடலாம். மெஷினுக்கு ஆகாது.”

“நேரம் இல்லத்தா. இருக்குறது இதான். ஓட்டிப் பாப்போம். அதான் ஒன் கை இருக்குல்ல.”

தரை மெஷினும் வாக்கமும் ஒன்றாக அதில் ஓடின. நான் ஏணி மேல் இருந்தேன். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, ஒரு கையில் பிரஷ், தலைக்கு மேலே வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய சரவிளக்கு. முதலாளி மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“ஏத்தா, தொட்டுப் பாரு. நீ வேணாம்னா நிறுத்திருவோம், வீட்டுக்காரருட்ட நான் பேசிக்கிறேன். நீ சரின்னா ஓட்டுவோம்.”

மாப்ள நின்றான். வீட்டுக்காரர் நின்றார். அக்கா உட்கார்ந்து, தழும்பு விழுந்த புறங்கையை அந்த மஞ்சள் ஒயரில் வைத்தார். தலை சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து, மேலே, என் முகத்தைப் பார்த்தார்.

நான் எவ்வளவு வேகமாக யோசித்தேன் என்றால், என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி யோசித்ததில்லை. முகத்தைச் சுருக்கினேன். கண்ணை இடுக்கினேன். உதட்டைக் கடித்தேன். தோசைக்கல்லில் கை வைத்தவன் மூஞ்சி. அக்கா, சூடுன்னு சொல்லிருங்க, முடிஞ்சுபோச்சு. ஏணி மேலே ஏதோ தேள் கொட்டிவிட்டது என்று வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார்.

அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். இல்லை என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார். நான் தொடவில்லையே.

“மொதலாளி, எனக்குத் தெரியல.”

“என்ன தெரியல?”

“சுடுதா இல்லையான்னு தெரியல. இந்தக் கைக்கு ரொம்ப நாளா ஒண்ணும் தெரியல. நீங்க தொட்டுப் பாருங்க.”

முதலாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார். அக்காவின் கையைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒயரைத் தொட்டார்.

“ஆத்தாடி!” என்று கையை உதறினார். மாப்ள பிளக்கைப் பிடுங்கினான். ஒயர் அவன் விரலில் மிட்டாய் மாதிரி இளகி வந்தது. உள்ளே குழந்தைகள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா எழுந்து, இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, இரண்டு முனையையும் வெட்டினார். ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேனில் வரும்போது எனக்குத்தான் கோபம். “சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நாந்தான் மூஞ்சி காட்டுனேன்ல?”

“தொடாத மூஞ்சி அது.”

“ஆனா சுட்டுச்சுல்ல? நெசமாவே சுட்டுச்சுல்ல?”

“இன்னைக்கு சுட்டுச்சு. நாளைக்கும் நீ ஏணியில இருப்ப. நான் கைய வெச்சுக்கிட்டு வாய்க்கு வந்தத சொல்லுவேன். நீங்க எல்லாம் நம்பி ஓட்டுவீங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என் கை இருக்குன்னு ஒருத்தனும் தொடுறதில்ல. அது செத்தது எனக்கும் ஒனக்கும்தான் தெரியும்.”

நான் ஒரு ஜோக் தேடினேன். எப்போதும் சட்டைப்பையில் நாலு வைத்திருப்பேன். அன்றைக்கு இல்லை.

மறுநாளிலிருந்து எல்லோரும் அவரவர் கையால் ஒயரைத் தொட்டார்கள். மாப்ளகூட. மெஷின் வேறு ஆளுக்குப் போனது. முதலாளி கெட்டவர் இல்லை. அவரே போய் அக்காவுக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தார். ஒரு சைஸ் பெரிது. அதைப் போட்டுக்கொண்டு மாப் போட்டார் அக்கா, டபக் டபக் என்று. ஒருநாள் பூட்ஸுக்குள் ஒரு கண்ணாடிச் சில்லு எப்படியோ போயிருக்கிறது. நாள் முழுக்க அதோடு நடந்திருக்கிறார். சாயங்காலம் கழற்றியபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நடந்ததில் எழுத ஒன்றுமில்லை. புண் கால்விரலில் ஆரம்பித்தது, பாதத்துக்கு வந்தது. வேலைக்கு வருவது நின்றது.

நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். “இது பிஸ்கட்டா, பாக்கெட்டத் தின்னாலும் இப்பிடித்தான் இருக்கும்” என்றார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. உச்சி வெயில். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் கொடிகள் ஆடின. ஆரஞ்சு, கறுப்பு, சிவப்பு, கடைசியாக மஞ்சள். மஞ்சள் ஒயரில் பையனின் சட்டை ஒன்று தொங்கியது.

“முதலாளி கேட்டாருக்கா. மாப்ள கேட்டான்” என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

“ம்” என்றார். பிறகு, “அந்தச் சட்ட காஞ்சிருச்சா பாரு தம்பி. எனக்குத் தொட்டாத் தெரியாது.”

எழுந்து போய்க் கையில் எடுத்துத் தொட்டேன். காலையிலிருந்து வெயிலில் கிடந்த சட்டை. மொடமொடவென்று, அப்பளம் மாதிரி, தட்டினால் உடைந்துவிடும்போல் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியில் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தலையைச் சரித்து, என் மூஞ்சியைப் பார்த்தார். வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

“இன்னும் ஈரமாத்தான் இருக்கு” என்றார், என் கண்ணையே பார்த்தபடி. “கெடக்கட்டும், விடு.”

நான் சட்டையை மறுபடி ஒயரிலேயே போட்டேன்.